முகப்புக் கண்ணாடியில் மூடும் பனியும் அதனை நீக்கும் வெம்மையும்

முன்னுரை

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் ஓடுதற்குரியன பல, நிற்றற்குரியன சில, காண்டற்குரியது முகப்புக் கண்ணாடி ஒன்றே. எஞ்சின் நின்றுவிட்டால் வண்டி வழியில் கிடக்கும். அதனால் நேர்வது காலக்கேடு. கண்ணாடி மறைந்துவிட்டாலோ வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் நேர்வது உயிர்க்கேடு. ஆயினும் பழைய வண்டிகளைப் பேணுவோர், எஞ்சினுக்கும் வர்ணப் பூச்சுக்கும் செய்யும் உபசாரத்தில் பத்திலொரு பங்கையேனும் கண்ணாடியைத் தெளிவிக்கும் கருவிக்குச் செய்யக் காண்கிலோம். அக்கருவியாவது, ஹீட்டர் என்னும் வெப்பப் பெட்டியும், அதன் வெம்மையைக் கண்ணாடிக்குக் கொண்டு சேர்க்கும் டீபிராஸ்டர் என்னும் பனிநீக்கியுமாம். அவ்விரண்டின் இயல்பையும், அவற்றிற்கு நேரும் பழுதுகளையும், அப்பழுதுகளை நாடித் தீர்க்கும் முறையையும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

வெயிலுக்குப் பேர்போன நம் பூமியில் ஹீட்டருக்கு என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். அவர்கள் கீழ்பென்னாத்தூரைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே நெடுஞ்சாலையின்மீது அமைந்தது அவ்வூர். 1989-ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, பின்னர்த் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடங்கியது. ஐப்பசி கார்த்திகைகளில் வடகிழக்குப் பருவமழை பொழியுங்காலத்தில், 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்பெறும் தீபத்தைக் காண வண்டிகள் இச்சாலையில் நிரை நிரையாகச் செல்கின்றன. ஒரு வண்டியில் ஐவர் அறுவர் நெருங்கி அமர்ந்து, சாரலுக்கு அஞ்சி ஜன்னல்களை இறுக மூடிக்கொள்கின்றனர். கால் மணி நேரத்திற்குள் கண்ணாடி பால் பூசியதுபோல் வெளுத்துவிடுகின்றது. ஓட்டுபவர் ஒரு கையால் துண்டைக் கொண்டு துடைக்கின்றார். எதிரே வரும் பஸ்ஸின் விளக்கொளி, எஞ்சிய திவலைகளிற் பட்டுச் சிதறுகின்றது. அந்தக் கணத்தில் சாலையோரம் நடந்து செல்லும் அடியாரை அவர் காண்பதில்லை. ஆகவே இஃது உறைபனி நாட்டாருக்கு மட்டும் உரிய கல்வியன்று; நமக்கும் உரியதே.

1. பனியின் இயல்பு

கண்ணாடியிற் படியும் பனி வானத்திலிருந்து பெய்வதென்று முற்காலத்தார் பலர் எண்ணினர். லண்டன் நகரில் மருத்துவராயிருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்பார், கம்பளிப் பொதிகளை இரவில் வெளியே வைத்து எடைபோட்டு ஆராய்ந்து, 1814-ஆம் ஆண்டிற் பனியைப் பற்றி ஓர் அரிய நூலை வெளியிட்டார். பொருள்கள் தம் வெப்பத்தை இழந்து, சூழ்ந்துள்ள காற்றினும் குளிர்ச்சியடையும்பொழுது, அக்காற்றிலுள்ள நீராவியே அவற்றின்மேல் நீராகப் படிகின்றதென்று அவர் நிறுவினார். அவர் புல்லில் ஆராய்ந்த அவ்வுண்மையே வண்டியின் கண்ணாடிக்கும் பொருந்தும்.

காற்று எவ்வளவு வெம்மையாயிருக்கின்றதோ அவ்வளவு மிகுதியான நீராவியைத் தாங்க வல்லது. ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 9 கிராமும், 20 டிகிரியில் 17 கிராமும், 30 டிகிரியில் 30 கிராமும், 40 டிகிரியில் 51 கிராமும் நீராவியைக் கொள்ளும். அதற்குமேற் சேருவது நீராகியே தீரும். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் ஒரு நிலை வரும். அதனைப் பனிநிலை என்பர். கண்ணாடியின் வெப்பம் பனிநிலைக்குக் கீழே இறங்கினால் கண்ணாடி மறையும். மேலே நின்றால் தெளியும். விதி இவ்வளவே.

இனி வண்டியினுள் நிகழ்வதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாதாரண வண்டியின் உட்புறம் ஏறத்தாழ 3 கன மீட்டர் என்க. மழைநாளில் 25 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய நீராவி 70 கிராமுக்குள் அடங்கும். வாளாவிருக்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஒரு மணி நேரத்தில் வெளியிடும் ஈரம் ஏறத்தாழ 40 கிராம். ஐவர் அமர்ந்தால் 200 கிராம். ஆகவே அடைத்த வண்டியில் ஐவர் இருபது நிமிஷங்களில் வெளியிடும் ஈரம், அவ்வண்டிக் காற்று தாங்கும் அளவு முழுவதுக்கும் ஈடாகின்றது. நனைந்த குடையும் செருப்பும் வேறு தம் பங்கைச் சேர்க்கின்றன. மழைத்துளி பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் அவ்வீரம் படிவதில் வியப்பென்ன?

இதற்குப் பரிகாரமும் அவ்விதியிலேயே அடங்கியுள்ளது. கண்ணாடியைச் சூடேற்றலாம், அல்லது காற்றின் ஈரத்தைக் குறைக்கலாம். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, 40 டிகிரிக்குச் சூடாக்கிக் கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி வீசினால் இரண்டும் ஒருங்கே கைகூடும். 22 டிகிரியில் 19 கிராம் ஈரத்தோடு நிறைந்திருந்த அந்தக் காற்று, சூடான பின் 51 கிராம் வரை தாங்கவல்ல தாகமுடையதாகி, கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். பனிநீக்கியின் மர்மம் இதுவே.

2. வெம்மை வரும் வழி

மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் பிரயாணிகள் கம்பளியையும், சுட்ட செங்கல்லையும், கணப்புப் பெட்டியையும் துணைக்கொண்டனர். பின்னர் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைக்குழாயைச் சுற்றிக் காற்றைச் செலுத்திச் சூடேற்றினர். குழாயில் ஓட்டை விழுந்தால் நச்சுவாயு உள்ளே புகும் என்பது அம்முறையின் பெருங்குற்றம். அதன்மேல் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரையே வெம்மைக்குப் பயன்படுத்தும் முறை பரவியது. அமெரிக்க நாட்டு நாஷ் கம்பெனியார் 1938-ஆம் ஆண்டு மாடல்களில் வெளிக்காற்றை உள்ளிழுத்து, வடித்து, வெந்நீரால் சூடாக்கி வழங்கும் அமைப்பைச் சேர்த்தனர். பிற்காலத்து ஹீட்டர்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றியனவே. நீரின்றிக் காற்றாற் குளிரும் வோல்க்ஸ்வாகன் பீட்டில் போன்ற வண்டிகள் மட்டும் புகைக்குழாயின் வெம்மையையே நம்பி நின்றன.

பெட்ரோல் எரிந்து தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, குளிர்விக்கும் நீரோடு வீணே போகின்றது. ஹீட்டர் செய்வதெல்லாம் வீணாகும் அவ்வெப்பத்தில் ஒரு சிறு கூற்றைப் பிரயாணிகளின் பக்கம் திருப்புவதே. எஞ்சினின் மேற்புறத்திலிருந்து வெந்நீர் ஒரு திருகு குழாய் வழியாகப் புறப்பட்டு, டாஷ்போர்டின் கீழுள்ள சிறு ரேடியேட்டருட் புகுந்து, வேறொரு ரப்பர்க் குழாய் வழியாக வாட்டர் பம்புக்கு மீள்கின்றது. ஒரு விசிறி வெளிக்காற்றை அச்சிறு ரேடியேட்டரினூடே தள்ளுகின்றது. ஒரு மடல் அக்காற்றைக் காலடிக்கோ கண்ணாடிக்கோ திருப்புகின்றது. நீர், காற்று, மின்சாரம் என்னும் மூன்று ஓட்டங்கள் இதில் உண்டு. மூன்றுள் ஒன்று தடைப்பட்டாலும் கண்ணாடி தெளியாது.

நம் நாட்டிற் பழைய வண்டி என்றவுடன் நினைவுக்கு வருவது அம்பாஸிடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014-ஆம் ஆண்டு வரை அதனைச் செய்துவந்தனர். பம்பாயிற் கட்டப்பெற்ற பியட் வண்டியும், சென்னையை அடுத்துக் கட்டப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதன் தோழர்கள். அக்காலத்து ஆங்கில வண்டிகளில் ஹீட்டர் பெரும்பாலும் தனி விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் உபகரணமாகவே இருந்தது. நம் சமவெளியில் ஓடிய வண்டிகள் பலவற்றில் அஃது இல்லை.

3. பழுதை நாடும் முறை

கீழ்பென்னாத்தூர் அன்பர் ஒருவர் ஹீட்டர் பொருத்திய பழைய அம்பாஸிடர் ஒன்றைப் பேணி வைத்திருக்கின்றார் என்று கொள்வோம். மார்கழியில் அவர் குடும்பத்துடன் செங்கம், சேலம், மேட்டுப்பாளையம் வழியாக உதகமண்டலம் செல்லக் கருதுகின்றார். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. மார்கழி தை மாதங்களில் அங்கே புல்வெளியில் உறைபனி படிவதும் உண்டு. புறப்படுமுன் ஹீட்டரைத் திருகிப் பார்க்கின்றார். குளிர்ந்த காற்றே வருகின்றது. அவர் செய்யத் தக்கது யாது? நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்த பின்னரே மருந்து தேடவேண்டுமென்பது நம் முன்னோர் காட்டிய நெறி. பாகங்களை மாற்றிப் பார்த்துப் பழுதை ஊகிப்பவர் பணத்தையும் இழப்பர், பழுதையும் காணார்.

முதலாவது, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்பொழுது ரேடியேட்டரின் மூடியைத் திறந்து நீர் மட்டத்தைப் பார்க்கவேண்டும். சூடாக இருக்கையில் திறப்பது பெரும் பிழை. மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதால், 100 டிகிரிக்கு மேலும் அது கொதியாதிருக்கின்றது. மூடியைத் திறந்து அழுத்தம் நீங்கிய கணமே கொதித்துச் சீறிக் கையையும் முகத்தையும் வேகவைத்துவிடும். நீர் குறைந்திருப்பின், உயரத்திலுள்ள ஹீட்டருக்கே முதலில் நீர் எட்டாமற் போகும். குறைந்த நீரை நிரப்புவதோடு, அது குறைந்த காரணத்தையும் தேடவேண்டும்.

இரண்டாவது, எஞ்சின் உரிய சூட்டை அடைகின்றதா என்று காணவேண்டும். நீரின் வெப்பம் ஓரளவு ஏறும்வரை அதனை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலன் தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் சூடேறாது. ஹீட்டரும் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. நம் பக்கத்துப் பட்டறைகளில், வெயிற் காலத்தில் எஞ்சின் கொதிக்குமோ என்னும் அச்சத்தால் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் வழக்கமும் உண்டு. அங்ஙனம் செய்த வண்டியில் ஹீட்டரைக் குறைகூறிப் பயனில்லை. குளிர்ந்தே ஓடும் எஞ்சின் பெட்ரோலை மிகுதியாகக் குடித்து, விரைவில் தேய்ந்தும் போகும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. நூலிற் கட்டி, ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பிலேற்றுக. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். ஆறியபின் மூடவும் வேண்டும்.

மூன்றாவது சோதனை கையாற் செய்வது. அதனினும் சிறந்த சோதனை வேறில்லை. எஞ்சின் சூடேறிய பின், ஹீட்டரின் திருகைத் திறந்து வைத்து, விசிறியின் பக்கம் கை செல்லாதபடி கவனித்து, ஹீட்டருக்குச் செல்லும் குழாயையும் மீளும் குழாயையும் தொட்டுப் பார்க்க. இரண்டும் சூடாயிருப்பின் நீரோட்டம் சரி. பழுது காற்றின் வழியிலோ மின்சாரத்திலோ உளது. செல்வது சூடாகவும் மீள்வது குளிர்ந்தும் இருப்பின், சிறு ரேடியேட்டர் அடைபட்டிருக்கும். அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கும். இரண்டும் குளிர்ந்திருப்பின், திருகு திறக்கவில்லை, அல்லது அதற்கு நீரே வரவில்லை என்க. திருகு துருவேறி இறுகுவதும், அதனை இழுக்கும் கம்பி நழுவிவிடுவதும் சாதாரணம்.

காற்றுச் சிக்கலைப் போக்குவதற்கு, ஆறிய வண்டியின் முன்புறம் உயர்ந்திருக்குமாறு ஒரு சரிவில் நிறுத்தி, ஹீட்டரின் திருகைத் திறந்து, மீளும் குழாயின் பிடியைச் சிறிது தளர்த்தி, மெல்ல மெல்ல நீர் வார்க்கவேண்டும். குமிழிகள் நின்று நீர் இடையறாது கசியும்பொழுது பிடியை இறுக்கிவிடலாம்.

நான்காவது காற்றின் வழி. கண்ணாடிக்கு முன்னே காற்று புகும் துவாரத்தை ஆராய்க. புளியமரத்தடியிலும் வேம்பின் நிழலிலும் நிற்கும் வண்டிகளில், சிறு சிறு புளியிலைகளும் வேப்பிலைகளும் அதனுட் புகுந்து மக்கிப் பாய்போற் படிந்துவிடுகின்றன. நெடுநாள் நின்ற வண்டியின் குழல்களில் குளவிக்கூடும் எலிவளையும் இருத்தல் கூடும். கண்ணாடிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழல்கள் துணியாலும் தாளாலும் ஆனவையாதலின், இற்றுப் போயும் இணைப்பு விட்டும் கிடக்கும். காலடியில் நல்ல சூடு வீச, கண்ணாடிக்கு மட்டும் எட்டாவிடில், மடலையும் அதன் கம்பியையும் இக்குழல்களையுமே நோக்கவேண்டும்.

ஐந்தாவது மின்சாரம். விசிறி சுழலாவிடில் முதலிற் பியூஸையும், அடுத்து ஸ்விட்சையும், அதன்பின் வண்டியின் உடலோடு சேரும் இணைப்பையும் பார்க்க. பழைய வண்டிகளில் இக்கடைசி இணைப்பே துருவால் கெட்டுப் பல மர்மங்களுக்குக் காரணமாகின்றது. இரு கம்பிகள் கோத்த சிறு பல்பு ஒன்று இச்சோதனைக்குப் போதும். மோட்டாரில் விளக்கெரிந்தும் விசிறி சுழலாவிடில், பழுது மோட்டாரினது. டைனமோ பூட்டிய வண்டியில், எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது மின்சாரம் குறைவாகவே பிறக்கும். விளக்கும் வைப்பரும் விசிறியும் ஒருங்கே இயங்கினால் விசிறி தளர்வது இயல்பு.

ஆறாவது கசிவு. காலடி விரிப்பு ஈரமாயிருப்பின் அது மழைநீரோ ஹீட்டர் நீரோ என்று பிரித்தறியவேண்டும். கண்ணாடியின் ரப்பர் வழியாக ஒழுகியது தெளிந்திருக்கும். நிறமும், இனித்த வாசனையும், வழுவழுப்பும் உடையது கூலண்ட் கலந்த நீர். அத்தகைய ஹீட்டரை ஓட்டினால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற மூட்டம் படியும்; துடைக்கத் துடைக்க மீளும். சிறு ரேடியேட்டரைக் கழற்றி, ரேடியேட்டர் பற்றவைக்கும் தொழிலாளரிடம் கொடுத்துச் செப்பனிடுதல் வேண்டும். அதுவரையில் செல்லும் குழாயையும் மீளும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டரை ஒதுக்கி வைக்கலாம்.

4. நீரின் குற்றம்

மேற்கூறிய பழுதுகளுள் நம் மாவட்டத்திற்குச் சிறப்பாக உரியது அடைப்பு. பாறைப் பூமியில் தோண்டிய கிணற்று நீர் பெரும்பாலும் கடினமானது. அதைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படிவதை இல்லந்தோறும் காண்கின்றோம். அந்நீரிற் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு, சூடு பட்டவுடன் கரியமில வாயுவை விட்டுப் பிரிந்து, சுண்ணாம்புக் கல்லாகிய கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றது. அடுக்களையில் நிகழ்வதே எஞ்சினுள்ளும் நிகழும். ஹீட்டரின் நுண்ணிய குழல்களே முதலில் அடைபடுவன. செம்பு அப்பொருக்கைக் காட்டிலும் நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்த வல்லது. ஆதலின் குழல் முழுதும் அடைபடுமுன்னரே, மெல்லிய பூச்சு ஒன்றே வெம்மையைத் தடுத்துவிடும். வழியில் வண்டி கொதிக்கும்பொழுதெல்லாம் அருகிலுள்ள பம்புசெட்டு நீரை வார்த்துக்கொண்டு செல்பவர், தம் வண்டிக்குள் சிறிது சிறிதாகக் கல்லை அடுக்குகின்றார்.

புளியிட்டுப் பித்தளைப் பாத்திரம் துலக்கும் நம் தாய்மார் அறிந்த உபாயமே இங்கும் உதவும். மெல்லிய அமிலம் பொருக்கைக் கரைக்கும். சிட்ரிக் அமிலத்தை நீரிற் கரைத்து, கழற்றிய சிறு ரேடியேட்டரில் நிரப்பி, நுரை அடங்கும்வரை வைத்திருந்து, பின்னர் நீர் வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராக மென்மையான அழுத்தத்தில் நல்ல நீரைச் செலுத்திக் கழுவவேண்டும். குளியலறை கழுவும் கடுந்திராவகத்தை நாடுவது கேடு. அது பொருக்கோடு உலோகத்தையும் பற்றாசையும் அரித்துவிடும். மிகுந்த அழுத்தமும் ஆகாது. பழைய பற்றுகள் பிரிந்துவிடும்.

கழுவியபின் வார்ப்பது காய்ச்சி வடித்த நீரும், அவ்வண்டியின் உலோகங்களுக்கு ஏற்ற கூலண்டுமாக இருக்கட்டும். கூலண்டு துருவையும் தடுக்கும். உறைபனியிலும் நீரைக் கட்டியாகவிடாது. ஆனால் அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய விஷம். குழந்தைகளும் நாய்களும் அணுகும் இடத்தில் அதனைக் கொட்டி வைத்தல் கொலைக்கு ஒப்பாகும்.

5. ஹீட்டர் இல்லாத வண்டிகளும் குளிர்சாதன வண்டிகளும்

ஹீட்டர் இல்லாத வண்டியில் ஈரத்தை வெளியேற்றுவதே வழி. பழைய வண்டிகளின் முன் ஜன்னலிலுள்ள முக்கோணச் சிறு கண்ணாடியைச் சிறிது திருப்பி வைத்தால், மழை அதிகம் புகாமற் காற்று ஓடும். நனைந்த விரிப்பையும் குடையையும் உள்ளே வையாதிருத்தலும், கண்ணாடியின் உட்புறத்தை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து வைத்தலும் நன்று. வைப்பர் கெட்ட வண்டியில் ஓட்டுநர்கள் புகையிலையைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் தேய்ப்பதைக் கண்டிருக்கின்றோம். நீர் முத்து முத்தாக நில்லாமல் மெல்லிய படலமாகப் பரவுமாறு செய்தலே அதன் தத்துவம். இஃது ஆபத்துக்கு உதவுவதேயன்றி வைப்பருக்கு ஈடாகாது.

பழைய வண்டியிற் பிற்காலத்தில் குளிர்சாதனம் பொருத்தியவருக்கு வேறொரு விந்தை நேரும். மழை ஓய்ந்த புழுக்கமான இரவில், குளிர்காற்றுப் பட்ட கண்ணாடி வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே இறங்கிவிட, பனி வெளிப்புறத்திற் படிகின்றது. அவர் உள்ளே எவ்வளவு துடைத்தும் பயனின்றித் திகைப்பார். வெளிப்பனிக்கு மருந்து, வைப்பரை இயக்குதலும், குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுதலுமாம். உட்பனிக்கோ குளிர்சாதனம் நன்மையே செய்யும். அது காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுத்துவிடுகின்றது. எனவே எதையும் திருகுமுன் விரலாற் கண்ணாடியின் உட்புறத்தைத் தொட்டு, பனி எப்பக்கம் என்று அறிக. நோய் ஒன்றாகத் தோன்றினும் பக்கம் மாறின் மருந்தும் மாறும்.

உதகையில் விடியற்காலை கண்ணாடியில் உறைபனி படிந்திருப்பின் வெந்நீரை ஊற்றலாகாது; கண்ணாடி சடுதியில் விரிந்து வெடித்தல் கூடும். எஞ்சினை ஓடவிட்டு, மெல்லிய சூட்டிலிருந்து படிப்படியாக ஏற்றித் தெளிவித்தலே தக்கது. கதவடைத்த கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுதல் கூடாது. புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. கண்ணாடி முழுவதும் தெளியுமுன், உள்ளங்கையளவு வட்டம் துடைத்துக்கொண்டு புறப்படுதலும் கூடாது.

முடிவுரை

நீர், காற்று, மின்சாரம் என்னும் மூன்று ஓட்டங்களையும் ஒழுங்காகத் தொடர்ந்து சென்றால் ஹீட்டரின் பழுது எதுவும் மறைந்து நில்லாது என்பதையும், பனிநிலை என்னும் ஒரு விதியை அறிந்தவருக்குக் கண்ணாடியின் மூட்டம் புதிராகாது என்பதையும் இதுவரை கண்டோம். மாணவ நண்பர்கள் வகுப்பிலே பனிநிலை, மறைவெப்பம், நீரின் கடினத்தன்மை என்று தனித்தனியே கற்பவை, கீழ்பென்னாத்தூர்ச் சாலையில் மழை பெய்யும் ஓர் இரவில் ஒரே கண்ணாடியின்மேல் வந்து கூடுகின்றன. பட்டறைத் தொழிலாளர் கையால் அறிந்ததை நூலோடும், நாம் நூலால் அறிந்ததைக் கையோடும் சேர்ப்பது இருவருக்கும் ஆக்கமாகும். விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்கள், தம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள பழைய வண்டியின் இரு குழாய்களையும் தொட்டுப் பார்த்து, காற்றுத் துவாரத்திலுள்ள புளியிலைகளையேனும் அகற்றி வைப்பாராக. சாலையோரம் இருளில் நடந்து செல்லும் முன்பின் அறியாத ஒருவருக்கு அஃது உயிர்ப்பிச்சை ஆதலும் கூடும்.